முடுக்கேந்தலுக்கு ஒரு தலை குறைகிறது

இப்போதெல்லாம் வீடு தேடி வருகிறவன் எவனும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேள்வி கேட்கிறான். வீட்டில் எத்தனை பேர், மேலே ஓடா கான்கிரீட்டா, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா. முன்பு ஒருவன் வந்தால் மழை உண்டா, மிளகாய் எப்படி என்று விசாரித்து, ஊரில் நாலு பேரைத் திட்டிவிட்டு, அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொல்வான். சொல்ல மறந்து போனவர்களும் உண்டு. இப்போது சம்பந்தம் பேச வருகிறவன் அதிகாரி மாதிரி இருக்கிறான், அதிகாரி சம்பந்தி மாதிரி இருக்கிறான். முகத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்க முடிவதில்லை.

சடையாண்டி மாட்டிக்கொண்டது இதனால்தான். அவரைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை.

அன்று புதன்கிழமை. காலையில் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வார்டு மெம்பர் கூரிச்சாமி வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"சித்தப்பு, மோசம் போச்சு. தலைக்கணக்கு எடுக்கிற ஆளு இன்னைக்கே வருதாம்."

சடையாண்டி வாளியைக் கீழே வைத்தார். "இன்னைக்கு எப்படிடா வரலாம்? இன்னைக்குப் பொண்ணு வீட்டு ஆளு வீடு பாக்க வருது."

"அதையேதான் நானும் ஆபீஸ்ல சொன்னேன். சிரிக்கிறாக."

"சிரிப்பாக. அவுக பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிஞ்சிருக்கும்."

முடுக்கேந்தலுக்குப் பஸ் கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து பாதை பிரிகிற விலக்குக்கு ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பஸ் நிழற்குடை மட்டும் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நிதி மிச்சமிருக்கிறது என்று கட்டிக் கொடுத்தார்கள். திறந்து வைக்க வந்தவர் ஜீப்பில் வந்து ஜீப்பில் போனார். அன்றிலிருந்து அதில் ஆடுகள் படுத்திருக்கின்றன.

மினிபஸ் விட வேண்டுமென்றால் ஊரில் இருநூற்று ஐம்பது தலை இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போன கணக்கில் இருநூற்று நாற்பத்தொன்று. பஸ் இல்லாத ஊருக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. பெண் வராததால் பிள்ளை பிறப்பதில்லை. பிள்ளை பிறக்காததால் தலை கூடுவதில்லை. தலை கூடாததால் பஸ் வருவதில்லை. இப்படியே சுற்றிச் சுற்றி, முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர்கள் ஊரில் பதினேழு பேர். அதில் மூத்தவன் சடையாண்டியின் மகன் வழிவிட்டான். வயது முப்பத்து நாலு.

அவனுக்கு இதுவரை நாலு சம்பந்தம் வந்தது. நாலும் விலக்கு வரைக்கும் வந்து, பாதையைப் பார்த்துவிட்டு, அங்கேயே சோடா குடித்துவிட்டுத் திரும்பிப் போயின. இது ஐந்தாவது. "இதுவும் கலைஞ்சா எனக்குப் போன் பண்ணாதீக" என்று தரகர் சொல்லியிருந்தார்.

"ரெண்டும் ஒரே நாள்ல வந்தா என்னடா செய்யிறது?" என்றார் சடையாண்டி.

"பதறாதீக. பொண்ணு வீட்டு ஆளுகிட்ட வீட்டுத் தலையைக் குறைச்சுச் சொல்லுங்க, பஸ்ஸைக் கூட்டிச் சொல்லுங்க. கணக்கெடுக்கிற ஆளுகிட்ட தலையைக் கூட்டிச் சொல்லுங்க, பஸ்ஸைக் குறைச்சுச் சொல்லுங்க."

"இல்லாத பஸ்ஸை எப்படிடா குறைக்கிறது?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"சரி, யாரு எந்த ஆளுன்னு எப்படித் தெரியும்?"

கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் கூட்டமாக வருவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆள் சத்தமில்லாமல் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். வருகிறவர் நான் இன்னார் என்று சொல்ல மாட்டார். வீட்டுக்காரரும் கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதைக் குறைவு. இரண்டு பேரும் எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாத மாதிரி பேசிக்கொள்ள வேண்டும்.

கூரிச்சாமி யோசித்துச் சொன்னான். "பையும் நோட்டும் இருந்தா கவர்மெண்டு. பழமும் பூவும் இருந்தா பொண்ணு வீடு."

சடையாண்டியின் மனைவி பஞ்சவர்ணம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் எந்தச் சேலையைக் கட்டுறது?"

"ரெண்டையும் எடுத்து வையி."

வழிவிட்டானைக் காலையிலேயே மிளகாய்க் களத்துக்கு அனுப்பியாயிற்று. அவனை வீட்டில் வைத்துக்கொண்டால் யாராவது ஏதாவது கேட்பார்கள், அவன் உண்மையைச் சொல்லித் தொலைப்பான். அந்தக் கெட்ட பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. களம் பாதை ஓரத்தில் இருக்கிறது. ஊருக்கு வருகிற வண்டி எதுவும் கருவேல முள்ளுக்குத் தப்பாது என்பதால், டியூபுக்கு ஒட்டுப்போடும் சாமானும் காற்றடிக்கிற பம்பும் அங்கே எப்போதும் வைத்திருப்பான்.

பத்து மணிக்கு ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. தோளில் ரெக்சின் பை. பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

சடையாண்டி வீட்டுக்குள் திரும்பி ஒரு இருமல் இருமினார். பஞ்சவர்ணம் டி.வி. மேல் போர்வையைப் போட்டு மூடினாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் கொல்லைப்பக்கம் போயின. அவள் கிழிசல் சேலைக்கு மாறினாள்.

"வாங்கய்யா. உக்காரச் சொல்றதுக்குக்கூட வீட்ல ஒண்ணும் இல்ல. இந்த ஆட்டுரல்ல உக்காருங்க."

வந்தவர் ஆட்டுரலில் உட்கார்ந்து நோட்டை விரித்தார்.

"வீட்ல எத்தனை பேரு?"

"பதினோரு பேரு."

"பதினோரு பேரா? மூணு பேருன்னுல்ல சொன்னாக?"

"அது பழைய கணக்கா இருக்கும்."

"யார் யாரு?"

இதைச் சடையாண்டி யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் தயங்கவில்லை. "நானு, என் வீட்டுக்காரி, என் தம்பி, தம்பி பொண்டாட்டி, அவன் பிள்ளைக ரெண்டு, என் மகன், மகன் பொண்டாட்டி, மகனுக்குப் பிள்ளைக மூணு."

பேனா நின்றது. "உங்க மகனுக்கா?"

"ஆமா. ஒரே மகன். மூத்தது பள்ளிக்கூடம் போகுது. கடைசி கைப்பிள்ளை. இப்ப நாலாவதும்..."

உள்ளே பஞ்சவர்ணம் இருமினாள்.

"அது இன்னும் உறுதியாகலை," என்றார் சடையாண்டி.

"கல்யாணம் எப்ப ஆச்சு?"

"ஆச்சு, பத்து வருசம்."

வந்தவருடைய முகம் கறுத்தது. கவர்மெண்டு ஆளாக இருந்தாலும் நம் கஷ்டத்தைக் கேட்டு மனசு கலங்குகிறானே என்று சடையாண்டிக்குச் சந்தோஷமாக இருந்தது.

"பஸ் வசதி?"

"அந்தப் பேச்சையே எடுக்காதீக. பிரசவம்னா கட்டில்ல தூக்கிட்டு ஆறு கிலோமீட்டர் ஓடணும். போன வருசம் என் வீட்டுக்காரியைப் பாம்பு கடிச்சு..."

"தேளு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தேளு கடிச்சு, நாங்க விலக்குக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள விஷம் தானா இறங்கிருச்சுய்யா. அவ்வளவு தூரம்."

வந்தவர் பேனாவை மூடினார். பிறகு கேட்டார். "இப்படி ஒரு ஊருக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை வாக்கப்பட்டு வந்தா, அது என்ன செய்யும்?"

"அழும்," என்றார் சடையாண்டி. "என் மருமக வந்த நாளா அழுதுக்கிட்டுத்தான் இருக்கா."

வந்தவர் நோட்டைப் படாரென்று மூடினார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"ஒண்ணு விடாம எழுதிக்கிட்டீகளா?" என்று வாசல்வரை போய்க் கேட்டார் சடையாண்டி.

"எழுதிக்கிட்டேன். சொல்ல வேண்டிய இடத்துல சொல்லவும் செய்வேன்," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

"நல்ல மனுசன்," என்றார் சடையாண்டி.

அடுத்த ஆள் பன்னிரண்டு மணிக்கு நடந்து வந்தது. முப்பது வயதுப் பெண். தலையில் மல்லிகைப்பூ. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு பப்பாளி, ஒரு சீப்பு வாழைப்பழம். நோட்டு இல்லை. காகிதம் இல்லை. ஒரு போன் மட்டும் இருந்தது. போன் இல்லாத ஆள் இப்போது யார் இருக்கிறார்கள்?

பெண்ணுக்கு அக்காவாக இருக்கும், இல்லாவிட்டால் சித்தியாக இருக்கும் என்று சடையாண்டி முடிவு செய்தார். இரண்டு தடவை இருமினார். போர்வை விலகியது. நாற்காலிகள் திரும்பி வந்தன. பஞ்சவர்ணம் சித்திரை வெயிலில் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, சர்க்கரையை அள்ளிப் போட்ட காப்பியோடு வந்தாள்.

"இந்த வீட்டைப் பத்திக் கொஞ்சம் கேக்கலாமாங்கய்யா?" என்றாள் அந்தப் பெண்.

"தாராளமாக் கேளு தாயி. அதுக்குத்தானே வந்திருக்கே!" என்று சொல்லிவிட்டு, தெரிந்த மாதிரிக் காட்டிக்கொண்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எத்தனை பேரு?"

"மூணே மூணு பேரு. நாத்தனா கிடையாது, கொழுந்தன் கிடையாது. நாங்க ரெண்டு பேரும்கூட ரொம்பச் சாப்பிட மாட்டோம்."

அவள் சிரித்துக்கொண்டே போனில் கட்டைவிரலால் தட்டினாள். பெரியவர்கள் பேசும்போதும் போனை விடாத காலம் இது. பெண் கொடுக்கிறவர்கள் என்பதால் சடையாண்டி பொறுத்துக்கொண்டார்.

"மகனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல தாயி. ஒரு பொண்ணை ஏறிட்டுப் பாத்ததில்ல."

"குழாய் இருக்கு. தண்ணி வருதா?"

"குழாய் வந்திருச்சு. தண்ணி பின்னாலயே வருது."

"பஸ்ஸு?"

"வாசல்ல வந்து நிக்கும். ஒரு நாளைக்கு நாலு நடை. வரும்போது பஸ் ஸ்டாப்பைப் பாத்திருப்பியே?"

"பாத்தேன். ஆடுல்ல படுத்திருந்துச்சு?"

"பஸ்ஸுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கும்."

அவள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து கேட்டாள். "உங்க மகன் குடிப்பாரா?"

"தண்ணியவே அளந்துதான் குடிப்பான்."

"கோவம் வருமா?"

"அவனுக்கு வராது. எனக்கு வரும். கல்யாணம் முடிஞ்சதும் நானும் நிறுத்திக்கிடுவேன்."

"மாடு யாரு கறக்குறது?"

"அவன்தான். வர்ற பொண்ணு மாட்டுக் கொம்பைக்கூடத் தொட வேண்டாம்."

சுவரில் மாட்டியிருந்த வழிவிட்டானின் படத்தை அவள் நின்று பார்த்தாள். "படத்துல இன்னும் இளைப்பா இருக்காரே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காப்பியை முழுவதும் குடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

"அமைஞ்சிரும்," என்றார் சடையாண்டி. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து பஞ்சவர்ணம் கேட்டதில்லை. அவள் பட்டுச்சேலையை மாற்றக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

அரை மணி நேரம் கழித்து கூரிச்சாமி வந்தான்.

"கணக்கெடுக்கிற டீச்சரம்மா வந்துட்டுப் போச்சா சித்தப்பு?"

"எந்த டீச்சரம்மா? ஒரு ஆம்பளைல்ல வந்தாரு."

"ஆம்பளையா? பொம்பளைப் பிள்ளை சித்தப்பு. உங்க பக்கத்து வீட்டு ராக்கம்மாகூட பப்பாளியும் பழமும் குடுத்துவிட்டாளே, அந்தப் பிள்ளை."

சடையாண்டி தூணைப் பிடித்துக்கொண்டார். "அதுகிட்ட நோட்டு இல்லையேடா!"

"இப்ப எவன் நோட்டுல எழுதுறான்? எல்லாம் போனுலதான்."

"பூ வச்சிருந்துச்சே!"

"கணக்கெடுத்தா பூ வைக்கக் கூடாதா?"

"அப்ப காலையில நோட்டோட வந்தது யாரு?"

பஞ்சவர்ணம் கல்யாணப் பட்டோடு ஆட்டுரலில் உட்கார்ந்தாள்.

"அவருகிட்ட என்ன சொன்னீக?" என்றான் கூரிச்சாமி மெதுவாக.

"பெருசா ஒண்ணும் இல்ல. மகனுக்கு மூணு பிள்ளைன்னு சொன்னேன்."

"நாலாவதும் வருதுன்னாரு," என்றாள் பஞ்சவர்ணம். "மருமக அழுதுக்கிட்டே இருக்கான்னாரு."

"அந்தப் பிள்ளைகிட்ட?"

"பஸ்ஸு நாலு நடை வருதுன்னு."

கூரிச்சாமியும் தரையில் உட்கார்ந்தான்.

"ஏன்டா," என்றார் சடையாண்டி, "என் மகன் குடிப்பானான்னு கேட்டுச்சே. அது எதுக்குக் கவர்மெண்டுக்கு?"

"இப்ப எல்லாத்தையும் கேக்குறாக சித்தப்பு."

"அதான் நான் ஒரு பயலையும் நம்புறதில்ல."

நோட்டுக்காரர் இந்நேரம் விலக்கைத் தாண்டியிருப்பார். அவரைப் பிடிக்க முடியாது. டீச்சரைப் பிடிக்கலாம். தன் மகன் கல்யாணம் போனது போனதுதான். ஆனால் டீச்சர் போட்ட எழுத்து மாறாமல் போய்விட்டால் பஸ்ஸும் வராது. மற்ற பதினாறு பேரின் கல்யாணமும் போகும். அப்புறம் இந்த ஊரில் அவர் எப்படித் தலை காட்டுவது?

துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அந்தப் பெண் நிழற்குடையில் இரண்டு ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சரான ஸ்கூட்டியை ஒட்டுப்போட விட்டிருப்பதாகவும், அது வரும்வரை மொத்தம் போடுவதாகவும் சொன்னாள்.

"தாயி, எண்ணிக்கையில ஒரு சின்னத் தப்பு," என்றார் சடையாண்டி. "வீட்ல மூணு பேருன்னு சொன்னேன்ல, ஏழு பேரு." ஓடி வருகிற வழியிலேயே தம்பி குடும்பத்தை விட்டுக் கொடுத்துவிட்டிருந்தார்.

"அந்த நாலு பேரு எங்கய்யா?"

"மருமகளும் பேரப்பிள்ளைகளும். இந்தா, கூட்டியாறேன்."

"மகன் பொண்ணுகளை ஏறிட்டே பாக்க மாட்டாருன்னீக?"

"ஏறிட்டுப் பாக்க மாட்டான். அதுக்கு மேல நம்ம என்னத்தைக் கேக்குறது?" என்று சொல்லிவிட்டு ராக்கம்மா வீட்டுக்கு ஓடினார்.

ராக்கம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வீட்டில் மூன்று பிள்ளைகள், சரியாக எண்ணிக்கை வைத்து வாங்கின மாதிரி.

"ராக்கு, ஒரு அஞ்சு நிமிசம் எனக்கு மருமகளா வந்து நில்லு."

"என்ன மாமா சொல்றீக? எம்புருசன் கேட்டா என்ன நினைப்பாரு?"

"கவர்மெண்டுக்குத்தானே சொல்லப்போறோம், கோயில்லயா சொல்றோம்?"

"எதுக்கு?"

"பஸ்ஸு வரும்."

"பஸ்ஸு வந்தா அவரு மாசம் ஒரு தடவை வருவாரு," என்று யோசித்தாள் ராக்கம்மா. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கைப்பிள்ளையை இடுப்பில் ஏற்றி, மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இவர்கள் போய்ச் சேர்வதற்குள் நிழற்குடையைச் சுற்றி ஊர் கூடிவிட்டது. சடையாண்டி மூச்சு வாங்க, ராக்கம்மாவை முன்னால் தள்ளினார்.

"இந்தா பாரு தாயி. இதுதான் என் மகன் பொண்டாட்டி. இது மூணும் என் பேரப்பிள்ளைக."

சொல்லி முடிக்கும்போது ஆடுகள் எழுந்து வழிவிட்டன. பின்னால் வண்டிச் சத்தம். ஒட்டுப்போட்ட ஸ்கூட்டியில் பம்பும் கையுமாக வழிவிட்டான் வந்து இறங்கினான். அவனுக்குப் பின்னால் டிவிஎஸ் வண்டியில், வேர்த்து விறுவிறுத்து, நோட்டுக்காரர்.

காலையில் கோபத்தோடு கிளம்பியவருக்குப் பாதி வழியில் முள் குத்திவிட்டது. விலக்குவரை தள்ளியிருக்கிறார். அங்கே ஒட்டுப்போடுகிற கடை பூட்டு. மிளகாய்க் களத்தில் ஒருத்தன் ஒட்டிக் கொடுப்பான் என்று யாரோ சொல்ல, திரும்பவும் களத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் ராக்கம்மாவைப் பார்த்தார். மூன்று பிள்ளைகளையும் பார்த்தார். "அழுவான்னீக. நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு நிக்கிறா?" என்றார்.

வழிவிட்டான்தான் பேசினான். "என்னப்பா இது? மதினி எப்ப எனக்குப் பொண்டாட்டி ஆச்சு?"

"சும்மா இருடா!"

"எதுக்கு மாமா அதட்டுறீக?" என்றாள் ராக்கம்மா. "என் பேரு ஏற்கனவே எழுதியாச்சு. டீச்சரம்மாவே எழுதுச்சு. பப்பாளியும் நான்தானே குடுத்தேன்?"

"அதை வீட்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க எங்க சொல்லவிட்டீக?"

கூட்டம் சிரித்தது. டீச்சர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "பஸ்ஸு நாலு நடை வருதுன்னு ஒரு வீட்ல சொன்னாக. மத்த அறுபத்திரண்டு வீட்ல இல்லைன்னாக. இல்லைன்னுதான் போட்டிருக்கேன்."

கூரிச்சாமிக்கு உயிர் வந்தது. "தலை எத்தனை தாயி?"

"இருநூத்தி நாப்பத்தொம்பது."

ஊர் விரல் விட்டு எண்ணியது. ஒன்று. ஒரே ஒரு தலை.

"இன்னொரு தடவை எண்ணிப் பாரு தாயி. கோயில் பூசாரியை எண்ணுனியா?"

"எண்ணிட்டேன்."

"என் மாமியாவை?"

"ரெண்டு வீட்ல சொன்னாக. ஒண்ணை அடிச்சிட்டேன்."

"இந்த வெள்ளாட்டைச் சேத்துக்கலாம், பிறந்ததுலருந்து பஸ் ஸ்டாப்லதான் குடியிருக்கு," என்று எவனோ பின்னாலிருந்து சொன்னான்.

"வைகாசி முடிய பேர் சேக்கலாம்," என்றாள் டீச்சர். "அதுக்குள்ள யாருக்காவது பிள்ளை பிறந்தாலும் சேத்துக்கலாம்."

ஊர் மொத்தமும் ராக்கம்மாவைப் பார்த்தது.

"என்னை எதுக்குப் பாக்குறீக?" என்று அவள் கத்தினாள். "அவரு திருப்பூர் போயி ஒன்றரை வருசமாச்சு!"

சிரிப்பு அடங்கியதும் சடையாண்டி நோட்டுக்காரரிடம் போனார். யாரிடமும் குனிந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. "அய்யா, காலையில சொன்னதெல்லாம் பொய்யி. உங்களைக் கவர்மெண்டுன்னு நினைச்சுட்டேன். என் மகனுக்குக் கல்யாணம் ஆகலை. நான் பொய் சொன்னதுக்கு அவனை ஒதுக்கிறாதீக."

"ஆகலைன்னு எனக்குத் தெரியும்," என்றார் அவர். "ஒட்டுப்போடும்போது, 'பொண்டாட்டி பிள்ளைக சௌக்கியமா'ன்னு கேட்டேன். தம்பி டியூபைக் கீழே போட்டுட்டாரு. நான் பொண்ணுக்குத் தாய்மாமன். பேரு நாகரத்தினம். கூட்டுறவு சங்கத்துல முப்பது வருசம் கணக்கு எழுதினவன். நோட்டு இல்லாம வெளிய கிளம்ப மாட்டேன்."

"என் வண்டிக்கு ஒட்டுப்போட்டதும் இவருதான்," என்றாள் டீச்சர். "நான் கேக்காமலே சொன்னாரு. வீட்ல மூணு பேரு, குழாய்ல தண்ணி வராது, பஸ்ஸு கிடையாது, எங்கப்பா வேற மாதிரி சொல்லுவாரு, நம்பாதீகன்னு. காலையிலருந்து இந்த ஊர்ல எங்கிட்டப் பொய் சொல்லாதது இவரு ஒருத்தருதான்."

"பாத்தியாடா," என்று மகனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார் சடையாண்டி. "பெத்த அப்பனையே போட்டுக் குடுத்திருக்கே!" பிறகு மாமனிடம் திரும்பினார். "பொண்ணையும் ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டுங்கய்யா. பாதையைப் பாத்துட்டுப் பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

நாகரத்தினம் நோட்டைத் திறந்தார். காலையில் எழுதிய பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கேட்டார்.

"என்னம்மா மங்களேஸ்வரி, பொண்ணைக் கூட்டிட்டு வந்து காட்டச் சொல்றாக, நீயோ காலையிலருந்து இங்கதான் இருக்கே. இந்த ஊருக்கு ஒரு தலை குறையுதுங்கிறாக. வாக்கப்பட்டு வந்து சரிக்கட்டிருவியா?"

வழிவிட்டான் காற்று நிரம்பிய டயருக்கு மேலும் மேலும் பம்பு அடித்துக்கொண்டிருந்தான். அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "தாலி ஏறின பிறகுதான் பேரு ஏத்த முடியும் மாமா. இப்பவே போட்டா தப்பு," என்றாள்.

கூரிச்சாமி விசில் அடித்தான். ராக்கம்மா மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் குலவை போட்டாள்.

சடையாண்டி மட்டும் அசையவில்லை. அந்தப் பெண்ணையும் நோட்டையும் நிழற்குடையையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பஸ்ஸு வரட்டும்," என்றார். "டயரைத் தொட்டுப் பாத்துட்டு நம்புறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காலையில் பாதியில் விட்ட மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நடந்தார்.